‘௷’ ஏன் கட்டமாகத் தெரிந்தது? காரைக்குடியில் 12,000 ரூபாய்க்குள் நடந்த மின்னூல் சோதனை

பின்னணி

காரைக்குடியில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு பதிப்பகம் அது. ஆண்டுக்கு நான்கைந்து நூல் போடுகிறார்கள். இங்கே பேசப்படுவது 248 பக்க நூல் ஒன்று. ஒரு நகரத்தார் குடும்பத்தின் பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), முறைச்சிட்டை (சீர்வரிசைப் பட்டியல்), பர்மாக் கடைக் கடிதங்கள் ஆகியவற்றைப் படியெடுத்து விளக்கம் எழுதியிருந்தார்கள். 62 ஒளிப்படம், 4 வீட்டு வரைபடம், 37 கணக்கு அட்டவணை.

அச்சுப் பிரதி உள்ளூரில் ஓடியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களும் கேட்டார்கள். அஞ்சல் செலவு நூலின் விலையைத் தாண்டியதால் மின்னூல் போட முடிவானது. சோதனை, திருத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை 12,000 ரூபாய்.

மூலக் கோப்பு பேஜ்மேக்கரில் இருந்தது. யூனிகோட் (எழுத்துக்கு உலகப் பொது எண் தரும் முறை) பரவுவதற்கு முந்திய 8-பிட் எழுத்துரு. அதை யூனிகோடுக்கு மாற்றி ஈபப் (பல கோப்புகளை ஒரே பொட்டலமாகக் கட்டும் மின்னூல் வடிவம்) ஆக்கும் வேலையை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் தம் கணினியில் இரண்டு செயலிகளில் திறந்து பார்த்தார், ஈபப்செக் என்ற சரிபார்ப்புக் கருவியை ஓட்டினார். பிழை ஏதும் காட்டவில்லை. ‘சோதித்தாயிற்று’ என்று கோப்பு கைக்கு வந்தது.

அந்தச் சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஈபப்செக் பார்ப்பது கோப்பின் கட்டமைப்பை: பொட்டலத்தின் முதல் கோப்பு சுருக்கப்படாமல் இருக்கிறதா, பட்டியலில் சொன்ன கோப்புகள் உள்ளே இருக்கின்றனவா, குறியீடு ஒழுங்காக மூடப்பட்டிருக்கிறதா என்பவற்றை. திரையில் எழுத்து எப்படி விழுகிறது என்பது அதன் வேலை இல்லை. சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு சொல்லும். சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முதல் புகார்

கடையில் ஏற்றுவதற்கு முன் தெரிந்த இருபது பேருக்குக் கோப்பை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி பதிப்பாளரை அழைத்தார். மகன் வாங்கிக் கொடுத்த 6 அங்குல வாசிப்பானில் படிப்பவர்.

“தம்பி, பேரேடு எழுதின வீட்டுப் பொண்ணு நான். எனக்கே பேரேடு புரியலையே. வரவுக்குறி போட்ட இடமெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது.”

கைபேசியில் அதே பக்கம் சரியாகத் தெரிந்தது. கணினியிலும் சரியாகவே இருந்தது. வாசிப்பானில் மட்டும் பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸) மூன்றும் வெற்றுக் கட்டங்கள். கணக்கு நூலில் இந்த மூன்றும் போய்விட்டால் மிச்சமிருப்பது வெறும் எண் வரிசைதான்.

எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது

சந்தையில் உள்ள கருவிகளைப் பட்டியல் போட்டால் முப்பதைத் தாண்டும். வாங்கவும் முடியாது, வாங்கத் தேவையும் இல்லை. கருவியின் பெயரைப் பார்க்காமல் உள்ளே பக்கத்தை வரையும் எஞ்சினைப் பார்த்தால் பட்டியல் நான்கு இனமாகச் சுருங்கும்.

குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியம் வழி வந்தவை ஓர் இனம். தோரியம் ரீடர் என்ற வாசிப்புச் செயலி இதில் அடங்கும். கேலிபர் என்ற மின்னூல் மேலாண்மைச் செயலியின் பார்வைச் சாளரமும் இதே இனம்தான். அந்த வெளியாள் ‘இரண்டு செயலியில் பார்த்தேன்’ என்றது இந்த இரண்டைத்தான். உண்மையில் அது ஒரு சோதனை. இரண்டாவது, ஆப்பிள் புக்ஸ். அது வெப்கிட் என்ற எஞ்சினில் ஓடினாலும் எழுத்தைச் சேர்த்து வடிவமைக்க ஆப்பிளின் சொந்த நிரலைப் பயன்படுத்துகிறது. குரோமியத்தில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். மூன்றாவது, அமேசானின் கிண்டில். நான்காவது, அடோபியின் பழைய நிரல் ஓடும் வாசிப்பான்கள். தமிழைச் சிதைப்பதில் முதலிடம் இவற்றுக்குத்தான்: ஒற்றைக்கொம்பு (ெ) எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இங்கே வணிகம் சார்ந்த முடிவு ஒன்றும் குறுக்கிட்டது. கிண்டில் கடையின் இந்திய விற்பனையில் 70 விழுக்காடு பங்கு வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கக் கூடாது. சேர்ந்திருந்தால் ஓர் இனக் கருவியைச் சோதித்தால் போதும், வேலை கால்வாசியாகக் குறைந்திருக்கும். ஆனால் கோலாலம்பூர் வாசகர்கள் ஈபப் கோப்பையே கேட்டிருந்தார்கள். எனவே 35 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டு, நான்கு இனத்தையும் சோதிப்பது என்று தீர்மானித்தார்கள்.

வாங்கியவை இரண்டே. 600க்கு 800 புள்ளித் திரை கொண்ட பழைய 6 அங்குலக் கிண்டில், 4,200 ரூபாய். செக்காலைச் சாலைக் கடை ஒன்றில் ஆண்ட்ராய்டு 7 ஓடும் 2 ஜிபி கைபேசி, 2,300 ரூபாய். இரண்டையும் வேண்டுமென்றே பழையதாகப் பார்த்து எடுத்தார்கள். புதுக் கருவியில் தேறும் நூல் பழையதில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. பழையதில் தேறினால் புதியதில் பெரும்பாலும் தேறும். ஐபோன் விடுமுறைக்கு வந்த உறவினருடையது, ஒரு மாலைக்கு இரவல். ஆப்பிள் புக்ஸில் பார்க்க மேக் கணினி தேவையில்லை. ஈபப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்தே திறக்கலாம். அடோபி இனத்துக்கு நண்பர் ஒருவர் வீட்டில் கிடந்த பழைய வாசிப்பான் உதவியது.

இணையத்தில் வாடகைக்குக் கருவி தரும் சேவையையும் விசாரித்தார்கள். அதில் இருப்பவை கைபேசியும் உலாவியும். வாசிப்பான்களில் உள்ள இ-இங்க் (மின்மை) திரை இல்லை. விட்டுவிட்டார்கள். கிண்டில் பிரிவியூவர் இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும்; முதல் வடிகட்டலுக்கு அது போதும். ஆனால் கருவியின் சாம்பல் திரையையும் மெதுவான பக்கத் திருப்பலையும் கணினியில் பார்த்து உணர முடியாது.

ஆறு பக்க ஏடு

248 பக்கத்தையும் ஐந்து கருவியில் புரட்டினால் மாதம் ஒன்று போகும். அதற்குப் பதில், நூலில் உள்ள சிக்கலை எல்லாம் திரட்டி ஆறு பக்கச் சோதனை ஏடு ஒன்றைச் செய்தார்கள். நூலுக்கான அதே சிஎஸ்எஸ் (தோற்றத்தை வரையறுக்கும் விதிகள்), அதே எழுத்துரு.

முதல் பக்கத்தில் 247 எழுத்தும், அவற்றோடு கிரந்த எழுத்துகளும். உகர, ஊகார வரிசைக்குத் தனி வரி: கு, டு, மு, ரு, கூ, டூ. காரணம், இவற்றின் வடிவங்களுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது; எழுத்துருவின் உள்ளே இருக்கும் சேர்க்கை அட்டவணைதான் க-வையும் உகரக் குறியையும் சேர்த்து ‘கு’ ஆக்குகிறது. எழுத்துருவை அளவு குறைக்கும்போது ‘நூலில் வரும் எழுத்து எண்களை மட்டும் வை’ என்று சொன்னால் அரைகுறைக் கருவிகள் இந்தச் சேர்க்கை வடிவங்களை வெட்டி எறிந்துவிடும். அகர வரிசை அழகாக நிற்கும். உகரம் எல்லாம் பிரிந்துவிடும்.

அடுத்த பக்கங்களில் ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ குறிகள், மா, காணி, முந்திரி பின்னக் குறிகள், ஐந்து பத்தி அட்டவணை, வளவு (வீட்டு) வரைபடம், ஓர் ஒளிப்படம், அடிக்குறிப்பு, நான்கு வரித் தாலாட்டு, ‘ஒப்படைத்துவிட்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற நீளச் சொல் வரும் பத்தி.

ஒவ்வொரு கருவியிலும் மூன்று எழுத்தளவில் (சிறியது, நடு, மிகப் பெரியது), வெள்ளைப் பின்னணியில் ஒருமுறை, வசதி இருந்தால் இருள் திரையில் ஒருமுறை. கருவிக்கு இருபது நிமிடம். பார்த்ததைத் தாளில் எழுதி, சந்தேகம் வந்த திரையைப் படமெடுத்து வைத்தார்கள். மிகப் பெரிய அளவை விட்டுவிடக் கூடாது. இந்த நூலை வாங்கியவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களின் இயல்பான அளவே அதுதான்.

கண்டவை

கட்டத்தின் காரணம் முதலில் பிடிபட்டது. சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருவின் பெயர் மட்டும் இருந்தது. எழுத்துருக் கோப்பு நூலுக்குள் இல்லை. தயாரித்தவர் கணினியில் அந்த எழுத்துரு நிறுவியிருந்ததால் அங்கே எல்லாம் சரி. கைபேசி, தன்னிடம் உள்ள வேறு எழுத்துருவிலிருந்து குறியை எடுத்து நிரப்பிக்கொண்டது. வாசிப்பானிடம் அப்படி எடுத்துக்கொள்ள ஏதும் இல்லை. பெயரை மட்டும் எழுதுவது கட்டமைப்புப் பிழை ஆகாது என்பதால் ஈபப்செக்கும் பேசவில்லை.

பின்னக் குறிகளின் நிலை இன்னும் மோசம். ௷ போன்றவை தமிழின் அடிப்படைத் தொகுதியிலேயே 2003 முதல் உள்ளவை. மா, காணி, முந்திரிக் குறிகள் யூனிகோடுக்கு வந்தது 2019இல், 12.0 பதிப்பில், தமிழ்த் துணைத் தொகுதியாக. பழைய கைபேசி அந்த ஆண்டுக்கு முந்தியது. அதிலும் கட்டம், வாசிப்பானிலும் கட்டம்.

இரண்டாவது கோளாறு எழுத்துருவைச் சேர்ந்ததன்று. அதைக் கண்டுபிடிக்க நாளாயிற்று. கிண்டிலில் ‘வெள்ளி’ வரும் இடங்களில் நடுவே புள்ளிவட்டம் தெரிந்தது. முறைச்சிட்டையில் வெள்ளிச் சாமான் வராத பக்கம் இல்லை. ஆண்ட்ராய்டில் அதே சொல் கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சரி. புள்ளி மட்டும் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. சொல்லைக் குறி குறியாகப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது ‘வௌ்ளி’.

நடந்தது இதுதான். மூலக் கோப்பில் ‘மௌல்மீன்’, ‘கௌரி’, ‘ஔடதம்’ போன்றவற்றைத் தட்டச்சர் ஒற்றைக்கொம்பும் ள-வும், அல்லது ஒ-வும் ள-வும் போட்டு ‘மெளல்மீன்’, ‘கெளரி’, ‘ஒளடதம்’ என்று அடித்திருந்தார். அச்சில் வேறுபாடு தெரியாது. மின்னூலில் தேடினால் கிடைக்காது, வாசித்துக் காட்டும் குரல் ‘கெள-ரி’ என்று படிக்கும். இதைத் திருத்தப்போன வெளியாள் நூல் முழுக்க ‘ெள’ என்பதை ‘ௌ’ என்றும், ‘ஒள’ என்பதை ‘ஔ’ என்றும் ஒரே அடியில் மாற்றிவிட்டார். தெளிவு ‘தௌிவு’ ஆனது, ஒளிப்படம் ‘ஔிப்படம்’ ஆனது. இப்படிக் கெட்டவை 412 இடம். உண்மையில் திருத்த வேண்டியிருந்தவை 58.

அட்டவணைகள் எதிர்பார்த்தபடியே உடைந்தன. தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என ஐந்து பத்தி 6 அங்குலத் திரையில் பெரிய எழுத்தில் நிற்க வழியில்லை. ‘விவரம்’ பத்தி இரண்டெழுத்து அகலத்துக்கு ஒடுங்கி, ஒரு வரி கணக்கு ஒரு பக்கத்துக்கு நீண்டது. பற்றுக்குச் சிவப்பும் வரவுக்குப் பச்சையும் கொடுத்திருந்தார்கள். 16 சாம்பல் நிலை கொண்ட திரையில் இரண்டும் ஒரே சாம்பல்.

இருள் திரையில் வளவு வரைபடம் காணாமல் போனது. கோடுகள் கறுப்பு, பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி. திரை கறுப்பானதும் கறுப்பின்மேல் கறுப்பு. வீட்டின் முகப்பும் பட்டாலையும் இரண்டாங்கட்டும் இருந்த இடத்தில் பெயர் எழுத்துகூடத் தெரியவில்லை.

பழைய கைபேசியில் நூல் திறக்கவே 40 நொடி ஆயிற்று. 248 பக்கமும் ஒரே உள்கோப்பில் இருந்ததே காரணம். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட் செலவாகும்; ஆங்கில நூலுக்குப் போதுமான கணக்கு இங்கே மும்மடங்காகும். அடோபி இன வாசிப்பானில் ஐந்து படங்கள் வரவே இல்லை. அந்த ஐந்தின் கோப்புப் பெயர் மட்டும் தமிழில் இருந்தது. மொழிக் குறிப்பு ‘ஆங்கிலம்’ என்றே கிடந்தது. கிண்டிலில் தமிழ் எழுத்துருப் பட்டியல் வராததற்கு அதுதான் காரணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எழுத்துரு: நோட்டோ செரிஃப் தமிழை நூலுக்குள் பொதித்தார்கள். திறந்த உரிமம், பொதிக்கத் தடையில்லை. அளவு குறைக்க ஃபான்ட்டூல்ஸைப் பயன்படுத்தினார்கள். அது சேர்க்கை வடிவங்களையும் தொடர்ந்து பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பொதித்ததோடு சிக்கல் தீரவில்லை. வாசகர் ‘பதிப்பாளர் எழுத்துரு’வை விட்டு வேறொன்றைத் தேர்ந்தால் கட்டம் திரும்ப வந்துவிடும். ஆகவே உடல் உரைக்கு எந்த எழுத்துருவையும் வற்புறுத்தாமல் விட்டு, கணக்குக் குறிகளுக்கு மட்டும் தனி வகுப்புக் கொடுத்து அதற்குப் பொதித்த எழுத்துருவைக் கட்டினார்கள். கிண்டிலில் இது நின்றது. எல்லா எழுத்துருவையும் தூக்கிவிட்டுத் தன்னுடையதைத் திணிக்கும் ஓர் ஆண்ட்ராய்டு செயலியில் நிற்கவில்லை. அதற்காக ஒவ்வொரு கணக்கின் முதல் வரியிலும் குறியோடு ‘வரவு’, ‘பற்று’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்கலாமா என்று தொகுப்பாசிரியர் தயங்கினார். சேர்த்ததைச் சாய்வெழுத்தில் காட்டி, முன்னுரையில் ஒரு வரி எழுதுவதாக உடன்பாடானது.

பின்னங்களை எழுத்தாகவே வைக்கத் துணியவில்லை. நூல் உடலில் ‘மூன்று மா’, ‘ஒரு காணி’ என்று சொல்லாக எழுதி, குறிகளை ஒரே விளக்கப் பக்கத்தில் படமாக வைத்தார்கள். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்ற அளவும் அங்கேயே. சொல்லாக இருப்பதால் தேடவும் முடிகிறது, குரலும் படிக்கிறது.

ஔகாரத் திருத்தத்துக்குக் குறுக்குவழி இல்லை. மாற்றத்துக்கு முந்திய கோப்பை வாங்கி, சிஜில் என்ற ஈபப் திருத்தும் செயலியில் ஒரு விதி வைத்துத் தேடினார்கள்: ள-வை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, வெறும் ள நின்றால் மட்டும் நிறுத்திக் காட்டு. நின்ற இடங்களை மெய்ப்பு பார்ப்பவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூடவே ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்த இடங்களையும் பிடித்தார். ‘கரரைக்குடி’ மட்டும் ஏழு. மூன்று நாள், நாளுக்கு 800 வீதம் 2,400 ரூபாய். மொத்தச் செலவிலேயே நன்றாகச் செலவழிந்த பணம் இதுதான்.

அட்டவணையைப் படமாக்கலாம் என்றொரு யோசனை வந்தது. 600 புள்ளி அகலத்தில் ஐந்து பத்திக் கணக்கைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும், மறுத்துவிட்டார்கள். 37இல் 29 அட்டவணைகள் மூன்று பத்தியாயின: தேதியும் விவரமும் ஒன்று, தொகை ஒன்று, இருப்பு ஒன்று, பற்றா வரவா என்பதைத் தொகைக்கு முன் குறி சொல்லும். நிறம் நீங்கியது. தொகை நடுவில் மடங்காதபடி தடுத்தார்கள். மிச்சம் எட்டும் ஐந்தொகைகள். இருபுறமும் எதிரெதிரே நின்றால்தான் பொருள். அவற்றை வரவு ஒன்று, பற்று ஒன்று என மேலும் கீழுமாக இரண்டு அட்டவணையாகப் பிரித்தார்கள். முழு நிறைவு இல்லை.

மற்றவை சின்ன வேலைகள். வரைபடங்கள் வெள்ளைப் பின்னணியில் தடித்த கோட்டோடு மறுபடி வரையப்பட்டன (2,000 ரூபாய்). ஒளிப்படங்களின் நீளப் பக்கம் 1,600 புள்ளிக்குக் குறைந்ததில் 41 எம்பி கோப்பு 9 எம்பி ஆனது. அத்தியாயத்துக்கு ஓர் உள்கோப்பு, எதுவும் 300 கேபி தாண்டாமல். பெயர்கள் எண்ணும் ரோமன் எழுத்தும் மட்டும். பத்திகள் இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு. இருபுறமும் ஒழுங்குபடுத்தினால் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்தது.

அடோபி இன வாசிப்பானைச் சரிக்கட்டும் முயற்சியைக் கைவிட்டார்கள். எழுத்தைச் சேர்க்கும் திறனே அந்த நிரலில் இல்லாதபோது நூலுக்குள் எதைப் பொதித்தும் பயனில்லை. அத்தகையோருக்கு 90க்கு 120 மிமீ பக்கத்தில் தனிப் பிடிஎஃப் தயாரானது. அதில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. எழுத்து சிதையவும் சிதையாது.

ஓடும் செலவு, நகல் என 650 ரூபாய். எல்லாம் சேர்த்து 11,550.

வெளியான பிறகு

திருத்திய கோப்பு முதலில் தேவகோட்டைக்குத்தான் போனது. ஆச்சி இரண்டு நாள் கழித்து, 1 முந்திரிக்குத் தந்த கணக்கில் ஒரு சுழி கூடியிருப்பதாகச் சொன்னார். பார்த்தால் அச்சு நூலிலேயே அந்தப் பிழை இருந்தது.

முதல் மூன்று மாதத்தில் ஆறு புகார். இரண்டு, ஐந்தொகையைப் பிரித்ததைப் பற்றி. இரண்டு, பழைய வாசிப்பானில் எழுத்து சிதைவதைப் பற்றி; பிடிஎஃப் அனுப்பியதும் முடிந்தது. ஒருவருக்கு அடிக்குறிப்பிலிருந்து பக்கத்துக்குத் திரும்பும் சுட்டி வேலை செய்யவில்லை. ஏட்டில் இருந்தது ஒரே அடிக்குறிப்பு, கோளாறு வந்தது ஒரே எண்ணில் இரண்டு குறிப்பு இருந்த இடத்தில். ஆறாவது புகார் விலையைப் பற்றியது.

இனி மாற்றிச் செய்வது

ஏட்டைக் கடைசியில் செய்தது தவறு. மூலக் கோப்பை மாற்றக் கொடுக்கும் முன்பே ஆறு பக்கத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லிப் பார்த்திருந்தால், வெளியாளுக்குத் தந்த கூலியில் பாதி இரட்டிப்பு வேலைக்குப் போயிருக்காது. ஒப்பந்தத்தில் இனி இரண்டு வரி சேரும்: மாற்றத்துக்கு முந்திய யூனிகோட் உரையைத் தனியாகத் தர வேண்டும், நூல் முழுக்கத் தேடி மாற்றும் எந்த விதியையும் எழுதித் தர வேண்டும்.

தயாரிக்கும் கணினியில் தமிழ் எழுத்துரு ஏதும் கூடுதலாக நிறுவாத ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதிலேயே முதல் பார்வை பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டார்கள். செலவு இல்லை, முதல் புகார் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஏட்டில் இரண்டு பக்கம் கூடியிருக்கிறது: ஒன்றில் அடிக்குறிப்பு பத்து, ஒன்றில் எதிரெதிர் நிற்கும் ஐந்தொகை. அடுத்த நூல் ஒரு கோயில் திருப்பணிக் கணக்கு. அதற்கு ஏட்டை முதல் நாளே ஓட்டினார்கள். ‘மீனாக்ஷி’யில் க்ஷ பிரிந்து நின்றது. மாற்றும் கருவி நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக்குறி ஒன்றைச் செருகியிருந்தது. நூல் முழுவதும் 96 இடம். இம்முறை விதியை எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்கினார்கள்.